உள்ளங்கை அளவு ஓட்டை

ஜிக்சா ரம்பத்தின் பல் பலகையில் பாதி வட்டம் போயிருந்தபோது அண்ணி பின்கதவைத் திறந்துகொண்டு வந்து ப்ளக்கைப் பிடுங்கினாள்.

"என்ன தம்பி பண்றீங்க? உள்ள மனுசன் மூச்சுக்கு அல்லாடிக்கிட்டுக் கெடக்காரு. நீங்க இங்க தச்சுப் பட்டறை நடத்துறீங்க."

கையில் நின்றுபோன மெஷினை அவன் பார்த்தான். இமையில், சட்டையில் எல்லாம் மரத்தூள். விமானத்திலிருந்து இறங்கிய அதே சட்டை. அவன் முன்னால் அண்ணனின் வேனிலிருந்து கழற்றிய ஸ்பீக்கர் பெட்டி மல்லாந்து கிடந்தது.

"ப்ளக்கைப் போடுங்க அண்ணி."

"அந்தப் பொட்டில ஒரு கீறல் விழுந்தா ரெண்டு நாளு என்கூடப் பேசமாட்டாரு. அதுல போயி ஓட்டை போடுறீங்களே."

"அவருதான் போடச் சொன்னாரு."

"அவரா? சும்மா சொல்லாதீங்க."

"போன வாரம். வீடியோல."

அண்ணி ப்ளக்கைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

அண்ணன் வாடகை வேன் ஓட்டுகிறவன். தம்பி கார்களுக்கு ஸ்பீக்கர் மாட்டுகிறவன். முதலில் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஒரு கடையில், பிறகு கடல்தாண்டி ஒரு கடையில். இருவருக்கும் சொத்துச் சண்டை கிடையாது, சோற்றுச் சண்டை கிடையாது. இருந்த ஒரே சண்டை இந்தப் பெட்டி. நாலு பக்கமும் அடைத்து, உள்ளே பஞ்சு திணித்து, ஊசிமுனை காற்றுகூடக் கசியாமல் இருக்கவேண்டும் அண்ணனுக்கு. அப்போதுதான் தாளம் டக்கென்று வந்து டக்கென்று நிற்குமாம். தம்பிக்கு ஒரு ஓட்டை வேண்டும். அதில் ஒரு குழாய். உள்ளே தவிக்கிற காற்று அதன் வழியாக வெளியே வந்து, கேட்கிறவன் அடிவயிற்றைத் தொட்டுவிட்டுப் போகவேண்டும்.

"உன் பொட்டிக்கு மூச்சு முட்டுதுண்ணே."

"ஓட்டை போட்டா அது பொட்டி இல்லடா. பானை."

கடையில் தம்பி புதுப்பெட்டியைச் சோதித்துப் பார்க்கும் நேரமாகப் பார்த்து அண்ணன் வருவான். நேராகப் போய்க் குழாயின் வாயில் உள்ளங்கையை வைத்து மூடிவிடுவான். "இப்ப கேளு. இப்பத்தான் பாட்டு." தம்பி அந்தக் கையை அடித்துத் தள்ளுவான். வாடிக்கையாளர் முன்னால்கூட இது நடக்கும்.

புற்றுநோய்க்கு மருந்து ஏற்ற ஆரம்பித்தபின் அண்ணனுக்குக் காது போயிற்று. பேச்சு போகவில்லை. போன வாரம் வீடியோவில் கூரையைப் பார்த்தபடி சொன்னான்: "வேன்ல உக்காந்து பாத்தேன்டா. ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது. காதுலயும் இல்ல, நெஞ்சுலயும் இல்ல. வந்து ஓட்டை போட்டுடு. நீ ஜெயிச்சே."

டாக்டர் சொன்னதைக் கேட்டபோதுகூட அவன் அவ்வளவு பயப்படவில்லை. அந்தக் கடைசி வார்த்தைக்குப் பிறகுதான் முதலாளியிடம் லீவு கேட்காமல் டிக்கெட் எடுத்தான்.

காலையில் பையை வாசலிலேயே போட்டுவிட்டுக் கட்டிலருகே ஓடினான். "அண்ணே, நான் வந்துட்டேன்." காதோடு வாய்வைத்துச் சொன்னான். பிறகு கத்தினான். தோளைப் பிடித்து உலுக்கினான். இமை அசையவில்லை. "நேத்து சாயந்திரம் வரைக்கும் கதவையே பாத்துக்கிட்டிருந்தாரு, அப்புறம் மூடின கண்ணுதான்" என்றாள் அண்ணி. வந்துபோன நர்ஸம்மா பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள், நகத்தை அழுத்திப் பார்த்தாள். "இன்னிக்குத்தான். பக்கத்துலயே இருங்க" என்றாள்.

பக்கத்தில் இருக்காமல் அவன் வேன் சாவியைத் தேடி எடுத்துக்கொண்டு கொல்லைக்கு வந்திருந்தான்.

"நான் வந்தது அவருக்குத் தெரியணும் அண்ணி" என்றான் இப்போது. "தெரியாமப் போயிடக் கூடாது. காது இல்லன்னா என்ன, ஒடம்பு இருக்குல்ல?"

அண்ணி திறந்திருந்த கதவு வழியாக உள்ளே காதுகொடுத்தாள். கட்டிலிலிருந்து இழுப்புச் சத்தம் வந்தது. நின்றது. மறுபடி வந்தது. அவள் குனிந்து ப்ளக்கைச் சொருகினாள்.

"சீக்கிரம் ஆகட்டும்."

வட்டப்பலகை அறுந்து பெட்டிக்குள் விழுந்தது. ஸ்பீக்கரைக் கழற்றி, உள்ளேயிருந்த பஞ்சை இரண்டு கையாலும் அள்ளி வெளியே போட்டான். அண்ணன் தன் கையால் திணித்த பஞ்சு. மூலைகளில் பசைவைத்து ஒட்டியிருந்தான், வரவில்லை. நகத்தால் சுரண்டினான். விமான நிலையத்திலிருந்து வரும் வழியில் பழைய கடையில் வாங்கிவந்த குழாயை ஓட்டை வழியாக உள்ளே விட்டபோது அது போய்ப் பின்பலகையில் முட்டி நின்றது. பாதிக்குமேல் வெளியே துருத்திக்கொண்டிருந்தது.

முதலில் ஆழத்தை அள, அப்புறம் ஓட்டை போடு என்று கடையில் புதிதாகச் சேர்கிறவர்களிடமெல்லாம் சொல்பவன் அவன். இன்று அளக்கவில்லை. தரையில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான்.

"என்னாச்சு?"

"குழாய் உள்ள அடங்கல. போச்சு."

"வெட்டிக் குட்டையாக்குங்க."

"குட்டையா வெட்டுனா அடி வராது அண்ணி, வெறும் இரைச்சல்தான் வரும். அவருக்கு வேண்டியது அடி. நெஞ்சுல போயி மோதணும்."

அண்ணி குழாயையும் பெட்டியையும் மாறிமாறிப் பார்த்தாள். "உள்ளயே வளைச்சு விட்டா?"

"வளைக்க எல்போ வேணும். வாங்கல."

அவள் எழுந்து போனாள். குளியலறைப் பக்கம் எதையோ இழுத்துப்போடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் ஒரு சாம்பல்நிற வளைகுழாய் இருந்தது.

"சாக்கடைக் குழாய் மாத்தினப்போ மிஞ்சுனது. உங்க அண்ணன் எதையும் தூக்கிப்போட விட்டாத்தானே."

"சாக்கடைக் குழாயா?"

"மாட்டாததுதான். புதுசு."

அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போயிற்று. அவள் முகத்திலும். அண்ணன் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்று இருவருக்கும் தெரியும்.

குழாயை இரண்டாக வெட்டி வளைகுழாயில் பொருத்தியபோது சரியாக அடங்கியது. பசையைக் கலக்கிச் சுற்றிலும் பூசினான்.

"காயணும்."

"எவ்வளவு நேரம்?"

அவன் விரலிலிருந்த பசையைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"சொல்லுங்க."

"ஒரு நாள்."

உள்ளே இழுப்பு நின்றிருந்தது. இருவரும் அசையாமல் காத்திருந்தார்கள். அது மறுபடி தொடங்கியதும் அண்ணி ஓடிப்போய்த் தலைமுடி காயவைக்கும் ட்ரையரை எடுத்துவந்தாள். முட்டிபோட்டு உட்கார்ந்து ஓட்டையைச் சுற்றிச் சூடு காட்டினாள். ட்ரையர் ஓடினால் அண்ணன் மூச்சு கேட்கவில்லை. அதனால் அடிக்கடி நிறுத்துவாள். உள்ளே இழுப்பு கேட்கும். மறுபடி போடுவாள். நிறுத்துவாள். கேட்கும். போடுவாள். ஒருமுறை நிறுத்தியபோது வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. அவள் எழுந்து பாதி தூரம் ஓடியபிறகு ஒரு இழுப்பு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"போதும் தம்பி. காஞ்ச வரைக்கும் காஞ்சது. தூக்குங்க."

பசை இன்னும் விரலில் ஒட்டியது. மேலே நாலு சுற்று டேப்பைச் சுற்றி, ஸ்பீக்கரை முடுக்கி, இருவருமாகத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலின் கீழே வைத்தார்கள். வேன் பேட்டரியை ஒரு பழைய துண்டின்மேல் வைத்தான். ஆம்ப்ளிஃபயரில் ஒயரைச் சொருகப் பார்த்தான். இரண்டு தடவை தவறவிட்டான். ஃபோனில் பாட்டு எதுவும் தேடவில்லை. கடையில் சோதிக்க வைத்திருக்கும் வெறும் தாளத்தைப் போட்டான்.

தும். தும்.

அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. மாத்திரைப் பட்டைகள் மேசையில் நகர்ந்தன. டம்ளர் தண்ணீரில் வளையங்கள் வந்தன. அண்ணன் முகத்தில் ஒன்றும் வரவில்லை.

ஒலியைக் கூட்டினான். கட்டில் கால் தரையில் கடகடத்தது.

"தம்பி, போதும்."

"இன்னும் கொஞ்சம் அண்ணி."

"ஒடம்பு ஆடுது பாருங்க. வேணாம்."

"அண்ணே!" அவன் கட்டிலைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். "அண்ணே, பானைண்ணே. உன் பொட்டியைப் பானை ஆக்கிட்டேன். சாக்கடைக் குழாய வேற மாட்டியிருக்கேன். எந்திரிச்சுத் திட்டுண்ணே. நாலு வார்த்தை திட்டிட்டுப் படு."

இழுப்பு. நீண்ட இடைவெளி. இழுப்பு.

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். அவன் ஒலியைக் குறைத்தான். என்ன செய்வதென்று தெரியாமல் பெட்டியைக் கட்டிலின் அடியிலிருந்து இழுத்து, ஓட்டை மேலே பார்க்கும்படி கட்டிலை ஒட்டி நிமிர்த்தி வைத்தான். போர்வைக்கு வெளியே அண்ணனின் கை தொங்கிக்கொண்டிருந்தது. ஊசி குத்திக் கறுத்த கை. குழாயிலிருந்து வந்த காற்று ஒவ்வொரு அடிக்கும் அந்தக் கையின் மயிரை அசைத்தது. மூலையில் மிச்சமிருந்த பஞ்சிலிருந்து ஒரு இழை வெளியே வந்து விரலில் ஒட்டிக்கொண்டது.

சுண்டுவிரல் மடங்கியது.

அந்தக் கை நகர்ந்தது. நகர்ந்தது என்றுகூடச் சொல்லமுடியாது. காற்று எங்கிருந்து வருகிறதென்று தேடுவதுபோல விரல்கள் பெட்டியின் விளிம்பைத் தொட்டன, ஓட்டையின் ஓரத்தைத் தடவின, நின்றன. பிறகு உள்ளங்கை மெதுவாக வந்து குழாயின் வாயில் உட்கார்ந்தது.

சத்தம் மாறியது. அறையில் பரவிக்கொண்டிருந்த முழக்கம் அடங்கிப்போய், டக், டக் என்று வறண்ட தாளம் மட்டும் மிஞ்சியது.

"என்ன?" அண்ணி எழுந்து வந்தாள். "என்ன பண்றாரு?"

"மூடிட்டாரு."

"ஏன்? சத்தம் வேணாங்கறாரா? நிறுத்திடுங்க."

அவன் தலையை மட்டும் ஆட்டினான், இல்லை என்று. பழக்கத்தில் அண்ணனின் கையைத் தள்ளுவதற்குத் தன் கை உயர்ந்திருந்ததை அப்போதுதான் கவனித்தான். இறக்கிக்கொண்டான்.

ஜன்னல் வெயில் தரையிலிருந்து ஏறிக் கட்டில் காலுக்கு வந்தது. அண்ணி தலைமாட்டில் உட்கார்ந்து ஈரத்துணியால் அண்ணனின் உதட்டைத் துடைத்தாள். தம்பி பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான். டக். டக்.

பிறகு சத்தம் திறந்தது. முதலில் ஒரு ஓரத்தில், விரலிடுக்கில் புஸ்ஸென்று கொஞ்சம் காற்று. அப்புறம் இன்னும் கொஞ்சம். வறண்ட தாளத்தின் அடியிலிருந்து அந்தப் பழைய முழக்கம் எழுந்து அறையெங்கும் பரவியது. தும். தும்.

அண்ணி கையிலிருந்த துணியோடு அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். அவனோ முகத்தைப் பார்க்கவில்லை; கையைத்தான் பார்த்தான்.

"தம்பி," என்றாள் அண்ணி, வராத இழுப்புக்கு வெகுநேரம் காதுகொடுத்துவிட்டு. "அத நிறுத்திடவா?"

"கொஞ்சம் இருங்க அண்ணி."

தளர்ந்து கிடந்த அந்தக் கையின் கீழே தன் உள்ளங்கையை நுழைத்து ஓட்டையை மூடினான். டக், டக். உள்ளிருந்து காற்று வந்து வந்து அவன் கையில் தட்டியது.