பின் இருக்கையில் லிண்டானி

ஜெர்மிஸ்டனை விட்டு வண்டி கிளம்பி இரண்டு மணி நேரமாகியும் பெரியப்பா ஆமோஸ், வண்டி ஓட்டுகிற ஜகேலேயிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கோபமெல்லாம் இல்லை. பேசக் கூடாது, அவ்வளவுதான். இலந்தைக் கிளையைக் கையில் வைத்திருப்பவர் வீடு போய்ச் சேரும்வரை கிளையோடு மட்டுமே பேசலாம். உயிரோடு இருக்கிற ஒருவரிடமும் வாயைத் திறக்கக் கூடாது.

கிளையில் வந்துகொண்டிருந்தது ஜகேலேயின் அண்ணன் லிண்டானி. ஏழு வருஷத்துக்கு முன்னால் ஜெர்மிஸ்டனில் ஒரு கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து செத்தவன். உடலை அப்போதே ஊருக்குக் கொண்டுபோய் மாட்டுப்பட்டிக்குப் பக்கத்தில் புதைத்தாகிவிட்டது. ஆனால் உடல் வந்துவிட்டால் ஆள் வந்ததாகிவிடுமா? விழுந்த இடத்துக்குப் போய், பேர் சொல்லிக் கூப்பிட்டு, கிளையில் ஏற்றிக் கூட்டிவர வேண்டும். கூப்பிடாதவன் அங்கேயே நிற்பான். அன்றைக்கு அதைத் தள்ளிப்போட்டது ஜகேலேதான். "பொணம் வந்தாச்சில்ல, மத்தத அப்புறம் பாப்போம்" என்றான். அந்த அப்புறம் ஏழு வருஷம் ஆயிற்று.

இந்த ஏழு வருஷமும் அம்மா மாசோண்டியின் கனவில் லிண்டானி வீட்டு வாசல் வரை வந்து, உள்ளே வராமல் நின்றான். அம்மா பாதி ஆளாகிப் போனாள். "நான் கண்ண மூடுறதுக்குள்ள அவன உள்ள கூட்டிட்டு வந்து விடுங்க. வேற எதுவும் எனக்கு வேணாம்" என்று போன மாதம் ஜகேலேயின் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அதற்குப் பிறகும் தள்ளிப்போட ஜகேலே கல் இல்லை.

லிண்டானி விழுந்த இடம் இப்போது டயர் கிடங்கு. காவலாளி பத்து நிமிஷம் கொடுத்தான். பெரியப்பா கிளையைச் சிமெண்டுத் தரையில் தொட வைத்துச் சொன்னார்: "லிண்டானி, ந்கோபோ வீட்டுப் புள்ள. வந்துட்டோம்ப்பா. வீட்டுக்குப் போறோம். இதக் கெட்டியா புடிச்சிக்கோ. நாங்க சொல்லாம வழியில எங்கயும் எறங்காத." பிறகு கிளையை வெள்ளைத் துணியில் சுற்றிப் பின் இருக்கையில் தன் பக்கத்தில் உட்கார வைத்து, பெல்ட்டும் மாட்டிவிட்டார்.

பேசக் கூடாது என்பதற்காகப் பெரியப்பா சும்மா வரவில்லை. ஜகேலேக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் லிண்டானிக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். "லிண்டானி, டோல் கேட் வருது, வண்டி நிக்கும், பயப்படாத" என்பார். கொஞ்ச நேரம் கழித்து, "லிண்டானி, உன் தம்பிக்கு லாரிப் பொகையத் தின்னுக்கிட்டே போகணும்னு வேண்டுதல் போலருக்கு" என்பார்.

"அண்ணே, முந்திப் போனா போலீஸ்காரன் புடிப்பான்னு பெரியப்பாகிட்ட சொல்லு" என்றான் ஜகேலே.

"லிண்டானி, பதினெட்டு வயசுல நீ ஓட்டின ஓட்டு என்ன, இவன் ஓட்டுற ஓட்டு என்ன. கழுத கூட நம்மளத் தாண்டிப் போகுது."

ஜகேலே சிரித்தான். ஏழு வருஷமாக நெஞ்சில் கிடந்த கல் கொஞ்சம் நகர்ந்த மாதிரி இருந்தது.

அவனுக்கு டர்பனில் கார் கண்ணாடிக்கு ஃபிலிம் ஒட்டுகிற தொழில். சிக்னலில் நிற்கும்போது திருடன் கல்லால் அடித்தாலும் கண்ணாடி உதிராது, அந்த மாதிரி ஃபிலிம். ஒட்டி முடித்து வண்டியைக் கொடுக்கும்போது ஒவ்வொருவருக்கும் ஒரு பிரசங்கம் வைப்பான். "சீட்டு மேல எதையும் வெக்காதீங்க. கண்ணுல படாதது களவு போகாது. பூட்டிட்டுக் கைப்பிடிய ஒரு தடவ இழுத்துப் பாருங்க. பக்கத்துலயே ஒருத்தன் வேற ரிமோட்ட அமுக்கிட்டு நிப்பான், அதுல உங்க ரிமோட்டு வேல செய்யாது, பூட்டு விழாது. நீங்க பாட்டுக்குப் போயிருவீங்க." தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். ஊருக்கு உபதேசம் செய்கிறவர்களுக்கு வாய் வலிப்பதே இல்லை.

ஹாரிஸ்மித் வந்ததும் பெரியப்பா முழங்காலைத் தட்ட ஆரம்பித்தார். எழுபத்துநாலு வயசு, மூத்திரம் தாங்காது. நெடுஞ்சாலையோரப் பெட்ரோல் பங்க்கில் ஜகேலே வண்டியை நிறுத்தினான்.

"லிண்டானி, கக்கூசுக்கெல்லாம் உன்னக் கூட்டிட்டுப் போகக் கூடாது. செத்த நேரம் தம்பி கையில இரு. தம்பி உன்னக் கீழ வெக்க மாட்டான்" என்று சொல்லி, கிளையை ஜகேலேயின் இரண்டு கையிலும் கொடுத்துவிட்டு அவர் தடியை ஊன்றிக்கொண்டு போனார்.

ஜகேலே நின்றான். பனிக்கால வெயில். நல்ல காற்று. சுற்றிலும் கார்கள், வறுத்த உருளைக்கிழங்கு தின்கிற குடும்பங்கள். நடுவில் துணி சுற்றிய முள்கிளையோடு ஒரு நாற்பத்தொரு வயசு மனுஷன். இரண்டு கார் தள்ளி யாரோ கைதட்டிக் கூப்பிட்டார்கள். பார்த்தால் டர்பன் வாடிக்கையாளர் ஒருவர்.

"என்ன ஃபிலிம்காரரே, தோட்ட வேலைக்குப் போயிட்டீங்களா?"

ஜகேலேக்குக் காது சூடாகிவிட்டது. தெரிந்தேதான் கேட்டிருப்பார், அல்லது தெரியாமலும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும், "என் அண்ணனை வெச்சிருக்கேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் தொப்பியைக் கழற்றியிருப்பார். ஜகேலே அதைச் சொல்லவில்லை. அசட்டுச் சிரிப்பு சிரித்தான்.

காற்றில் இலை உதிருது, பத்திரமா வெப்போம் என்று தனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு டிக்கியைத் திறந்தான். ஃபிலிம் ஒட்டுகிற சாமான் பையில் கத்திகளுக்கும் சூடுகாட்டுகிற மெஷினுக்கும் நடுவில் கிளையை வைத்து ஜிப்பை இழுத்தான். நல்ல கறுப்புப் பை, புதுசு. டிக்கியை மூடி ரிமோட்டை அமுக்கினான். பக்கத்துக் கார் ஒன்று கீச்சென்றது, தன்னுடையது என்று நினைத்தான். வாடிக்கையாளர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். கைப்பிடியை இழுத்துப் பார்க்காமல் கடைக்குள் போனான்.

இரண்டு டீ வாங்க எவ்வளவு நேரம் ஆகும்? நாலு நிமிஷம். திரும்பி வந்தபோது டிக்கி ஒரு விரல்கடை தூக்கிக்கொண்டு நின்றது. பை இல்லை.

சீட்டு மேல் எல்லோரும் பார்க்க வைத்திருந்தால் அந்தக் கிளையை உலகத்தில் எந்தத் திருடனும் தொட்டிருக்க மாட்டான். திருடனுக்கும் வீட்டில் செத்தவர்கள் உண்டு. பத்திரப்படுத்தியதால்தான் போயிற்று.

வண்டிகளைப் பார்த்துக்கொள்கிற மஞ்சள் சட்டைக்காரர் ஓடி வந்தார். மொலெஃபி என்று பேர், ஐம்பது வயசிருக்கும். "வெள்ளக் கார் ஒண்ணு வந்து நின்னுச்சு. ஒருத்தன் சாவகாசமா பைய எடுத்தான், உங்க ஆளுன்னு நெனச்சேன். பையில என்ன இருந்துச்சு? லேப்டாப்பா?"

"கிளை."

"என்னது?"

"இலந்தக் கிளை. எங்க அண்ணன்."

மொலெஃபி தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டார். அவருக்கு அதற்கு மேல் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அப்போதுதான் பெரியப்பா வந்தார். முதலில் ஜகேலேயின் கைகளைப் பார்த்தார். கைக்கு ஒன்றாக டீ இருந்தது. ஜகேலே நடந்ததைச் சொன்னான், ஒன்றையும் மறைக்கவில்லை. பெரியப்பாவின் வாய் திறந்தது. ஜகேலே அடிக்குக் காத்திருக்கிற மாடு மாதிரி தலையைக் குனிந்தான். வாய் மூடிக்கொண்டது. அவர் சாலைப் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னார்: "லிண்டானி, பயப்படாதப்பா. இருக்கிற எடத்துலயே இரு. வந்துக்கிட்டிருக்கோம்."

ஜகேலேக்கு உயிர் வந்தது. பெரியப்பா தன்னோடு பேசாதவரைக்கும் பயணம் முடியவில்லை, அண்ணன் இன்னும் இவர்களோடுதான் இருக்கிறான்.

"காசாகாதத ரொம்ப தூரம் கொண்டு போக மாட்டானுங்க. பத்து நிமிஷத்துல வீசிருவானுங்க" என்றார் மொலெஃபி. வேலையைப் போட்டுவிட்டு அவரே வண்டியில் ஏறிக்கொண்டார். பங்க்குகளின் குப்பைத் தொட்டிகளைக் கிளறினார்கள். பாலத்துக்கு அடியில் இறங்கினார்கள். நாலு கிலோமீட்டர் தாண்டி சாலையோரப் பள்ளத்தில் பை கிடந்தது. மெஷின் இல்லை, கத்திகள் இல்லை. வெள்ளைத் துணி முள்கம்பி வேலியில் மாட்டிக்கொண்டு அடித்துக்கொண்டிருந்தது. கிளை இல்லை.

அந்த இடத்திலிருந்து அடிவானம் வரை கரி. பனிக்காலத்தில் தீ பரவாமல் இருக்க ஓரப் புல்லைக் கொளுத்திவிடுவார்கள், அன்றைக்கு அங்கே கொளுத்தியிருந்தார்கள். கரியில் அங்கங்கே புகை இருந்தது. தண்ணீர்த் தொட்டியை முதுகில் சுமந்த வேலைக்காரர் ஒருவர், "காலையிலேர்ந்து எரிச்சிட்டிருக்கோம். குச்சியா பாத்தோம், கொம்பா பாத்தோம்?" என்றார். விஷயத்தைக் கேட்டதும் அவரும் குனிந்து தேட ஆரம்பித்தார்.

ஒரு முள் நேராகவும் அடுத்த முள் கொக்கியாகவும் இருக்கும், அதுதான் அடையாளம். அந்தக் குளிர்காட்டில் இலந்தையே முளைக்காது, கிடந்தால் அது லிண்டானிதான். ஜகேலே முழங்காலிட்டுக் கரியைத் துழாவினான். பெரியப்பா தடியை ஊன்றிப் பத்தடிக்கு ஒரு தரம் நின்று கூப்பிட்டார். "லிண்டானி?" என்று கூப்பிட்டுத் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார். லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"திரும்ப ஜெர்மிஸ்டன் போயி மறுபடியும் கூப்பிட்டா?" என்று மெதுவாகக் கேட்டார் மொலெஃபி.

"அங்க இருந்தா வருவான். அங்கேர்ந்துதான் நாங்க கெளப்பிட்டமே" என்றான் ஜகேலே. சொல்லும்போதுதான் அதன் முழு அர்த்தமும் அவனுக்கே உறைத்தது. ஏழு வருஷம் அண்ணன் நின்ற இடமாவது தெரிந்திருந்தது. இனி அதுவும் கிடையாது.

மூன்று மணிக்கு மொலெஃபியை இறக்கிவிட்டுக் கிளம்பினார்கள். பெரியப்பா பின் சீட்டிலேயே உட்கார்ந்தார். லிண்டானிக்கு ஒன்றும் சொல்லவில்லை, டோல் கேட்டில்கூட. மலையிறங்கி லேடிஸ்மித் தாண்டியதும் குளிர் குறைந்தது, முள்மரங்கள் வந்தன. ஒரு வளைவில் சாலையோரமாக இலந்தை நின்றிருந்தது. ஜகேலே வண்டியை நிறுத்தினான். கத்தியில்லை. வெறும் கையால் ஒரு கிளையை முறுக்கி ஒடித்துக்கொண்டு வந்து, வேலியிலிருந்து எடுத்து வந்த வெள்ளைத் துணியில் சுற்றி, பின் கதவைத் திறந்து நீட்டினான்.

"அம்மாவுக்கு எப்பிடித் தெரியும், பெரியப்பா? நீங்க கையில வெச்சிருந்தா போதும். அவங்க நிம்மதியா போய்ச் சேரட்டும். கேக்குறேன்ல, வாங்கிக்கோங்க."

பெரியப்பா கிளையைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தார்.

"ஜகேலே" என்றார். "கையெல்லாம் ரத்தம் பாரு. தொடச்சிட்டு வண்டிய எடுப்பா."

காலையிலிருந்து அவனிடம் அவர் பேசிய முதல் பேச்சு. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். கிளையைப் பள்ளத்தில் போட்டுவிட்டு, ஸ்டீயரிங்கில் தலையை வைத்து வாய்விட்டு அழுதான். பெரியப்பா பின்னாலிருந்து அவன் தோளில் கை வைத்திருந்தார்.

பொழுது சாயும் நேரத்தில் ஊர். வாசல் கேட் அகலத் திறந்திருந்தது. சொந்தக்காரப் பெண்கள் இரண்டு பக்கமும் நின்று, வண்டியைக் கண்டதும் பாட ஆரம்பித்தார்கள். நடுவில் நல்ல கம்பளி போர்த்திக்கொண்டு அம்மா நின்றாள். இந்த ஏழு வருஷத்தில் அவள் முகம் இவ்வளவு தெளிந்து ஜகேலே பார்க்கவில்லை. பெரியப்பா யாரையும் பாராமல், யாரோடும் பேசாமல் நேராக உள்வீட்டுக்குள் போவார் என்று எல்லோரும் விலகி வழிவிட்டார்கள்.

பெரியப்பா இறங்கினார். "மாசோண்டி, நல்லா இருக்கியாம்மா" என்றார்.

பாட்டு நின்றுவிட்டது.

அம்மா பெரியப்பாவின் வெறுங்கையைப் பார்த்தாள். பின் இருக்கையைக் குனிந்து பார்த்தாள். பிறகு ஜகேலேயின் பக்கம் வந்து ஜன்னலில் கை வைத்தாள்.

"எங்கடா விட்டீங்க?"

"ஹாரிஸ்மித் தாண்டி. ரோட்டோரத்துலம்மா."

அவள் அழவில்லை. அந்த ஊரை அவள் பார்த்ததில்லை.

"அங்க அவனுக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா?"

"யாருமில்லம்மா" என்றான் ஜகேலே.