கம்ப்யூட்டருக்குப் பூக்கட்டிப் பார்த்தது

சாமியை ஏமாற்றுவது தப்பு என்று கலைவாணிக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு அரளியையே வைத்து மடித்தாள்.

விவகாரம் வீட்டுக் கம்ப்யூட்டரைப் பற்றியது. வாங்கிப் பன்னிரண்டு வருஷம். அதை இயக்கும் ஓ.எஸ்ஸுக்கும் அதே வயசு. கலைவாணி ஆசை ஆசையாக வாங்கிய எம்ப்ராய்டரி மிஷினின் டிசைன் சாஃப்ட்வேரோ, இந்தப் பழைய ஓ.எஸ்ஸில் திறக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. கம்ப்யூட்டரில் படம் போட்டுக் கொடுக்காமல் மிஷின் ஒரு தையல் கூடப் போடாது. இரண்டு மாதமாக அது பழைய புடவையைப் போர்த்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தது. பக்கத்துத் தெரு ஜாஸ்மினுக்கு மூன்று வாரத்தில் கல்யாணம். மாதா கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போக, வெள்ளை ஜாக்கெட் முழுக்க லில்லிப் பூ வேண்டுமாம். கலைவாணி கைக்கு வந்த முதல் பெரிய வேலை அது. சும்மா விட்டுவிட மனசு வருமா?

செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பிரவின் வந்து பார்த்துவிட்டுச் சொன்னான். "ஒரு நாள் வேலைதான்க்கா. புது ஓ.எஸ். போட்டுடலாம். ஆனா பழசோட வந்த கேமெல்லாம் போய்டும்."

அங்கேதான் இடித்தது. அதில் ஒரு செஸ் இருந்தது. கலைவாணியின் புருஷன் தங்கராஜ் தொண்டூர் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். பகலெல்லாம் படியில் தொங்குகிறவர்களோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, சாயங்காலம் அந்த செஸ்ஸின் முன்னால் உட்கார்வார். ஒன்பது லெவலை ஜெயித்தாகிவிட்டது. பத்தாவது லெவல் மட்டும் ஆறு வருஷமாக அவரைத் தோற்கடித்துக்கொண்டே இருந்தது.

"நெட்ல ஆயிரம் செஸ் கீதுண்ணா" என்றான் பிரவின்.

"ஆயிரம் இருக்கட்டும்பா. என்னைத் தோக்கடிச்சவன் இவன் ஒருத்தன்தானே?"

பிரவின் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினான். அதற்கப்புறம் வீட்டில் ஒரே மரியாதை. "உங்க இஷ்டம்" என்றாள் இவள். "உன் இஷ்டம்" என்றார் அவர். இந்த இரண்டு வார்த்தை புழங்கும் வீட்டில் ஒரு வேலையும் நடக்காது. பத்து நாள் ஓடிப்போயிற்று. கடைசியில் தங்கராஜே சொன்னார்:

"பூக்கட்டிப் பாத்துடலாம் கலை. வெள்ளை வந்தா மாத்திடலாம். செவப்பு வந்தா அப்பிடியே கிடக்கட்டும்."

கல்யாணத்துக்கும் நிலம் வாங்கவும் பூக்கட்டிப் பார்ப்பார்கள். கம்ப்யூட்டருக்குப் பார்த்தவர்கள் செஞ்சியிலேயே இவர்கள்தான் என்று நினைக்கிறேன்.

முந்தின ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் மறுபடி தோற்றார். "பாத்தியா கலை, குதிரைய வெச்சு எப்பிடி மடக்கிட்டான்!" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். தோற்றுவிட்டு அப்படிச் சிரிக்கிற ஆளை அவள் வேறெங்கும் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்பு போய்விட்டால் இந்த வீட்டில் என்ன இருக்கிறது? ஜாஸ்மின் ஜாக்கெட்டைக் கையாலேயே போட்டுக் கொடுத்துவிடலாம் என்று அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

ஆகவே சிவப்பும் சிவப்பும். தினசரிக் காலண்டரில் கிழித்துப்போட்ட ஞாயிறு, திங்கள் தாள்களில் மடித்து, பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். வந்து விளக்கேற்றினாள். தங்கராஜ் கண்ணை மூடி ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். அவள் பிரித்தாள்.

வெள்ளை அரளி.

"எப்பிடி?" என்று கத்தியேவிட்டாள்.

"ஏன், வெள்ளை வரக்கூடாதா?" என்றார் தங்கராஜ், ஒன்றும் தெரியாதவர் மாதிரி.

அவள் மற்றதையும் பிரித்தாள். அதுவும் வெள்ளை. தாளைத் திருப்பினாள். புதன்கிழமை என்று போட்டிருந்தது. சுவரைப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமையன்றே காலண்டர் வியாழனைக் காட்டிக்கொண்டிருந்தது.

"நான் கட்டினது எங்க?"

தங்கராஜ் அசடு வழிந்துகொண்டே கண்டக்டர் பையைத் திறந்து இரண்டு பொட்டலங்களை எடுத்தார். பிடுங்கப் பார்த்தாள், முடியவில்லை. ஒன்றைப் பிரித்தார், சிவப்பு. இன்னொன்றைப் பிரித்தார், அதுவும் சிவப்பு.

"அடிப்பாவி! நீயுமா?"

"உங்களுக்கு இன்னா வந்துச்சு?"

"நேத்து விடிகாலைல பாத்தேன். கார்பன் பேப்பர வெச்சிக்கினு, கண்ண இடுக்கி இடுக்கி லில்லி வரைஞ்சிக்கினு இருந்த. அதப் பாத்தப்புறம் நான் எப்பிடிமா செஸ் ஆடறது?"

கலைவாணிக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த நிமிஷமே சிரிப்பும் வந்துவிட்டது. இரண்டு பேரும் பிள்ளையாருக்கு ஆளுக்கு மூன்று தோப்புக்கரணம் போட்டார்கள்.

"சாமி வெள்ளைய காட்டிடுச்சு. இனிமே பேச்சில்ல" என்று தங்கராஜ் பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

அன்று சாயங்காலம் கடைசி ஆட்டம். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தக் காய் எப்படிப் போகும் என்றே தெரியாமல் யோசனை சொன்னாள். இருபத்தேழாவது நகர்த்தலில் தோற்றார். "நல்லா ஆடினடா" என்று மானிட்டரைத் தட்டிக் கொடுத்துவிட்டு அணைத்தார். ஆனால் அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் பிரவின் புது ஓ.எஸ். போட்டுக் கொடுத்துவிட்டான். சாஃப்ட்வேர் திறந்தது, மிஷின் ஓடியது. ஆனால் ஜாஸ்மின் ஜாக்கெட்டைத் தொடக் கலைவாணிக்குக் கை வரவில்லை. சோதனை பார்ப்பதாகத் தனக்கே சொல்லிக்கொண்டு, தங்கராஜின் காக்கிச் சட்டைப் பையில் ஒரு செஸ் குதிரையைத் தைத்தாள். முதல் வேலையில்லையா, காது கொஞ்சம் நீண்டுவிட்டது.

மறுநாள் அதைப் போட்டுக்கொண்டு போன மனுஷன், சாயங்காலம் வாசலில் செருப்பைக் கூடக் கழற்றாமல் கூப்பிட்டார்.

"கலை! தொண்டூர்ல ஏறின அம்மாக்கண்ணு இன்னா கேட்டுது தெரியுமா? 'இன்னா கண்டக்டரே, பாக்கெட்ல கழுதைய குத்திக்கினு வந்துக்கீற'ன்னு கேக்குது! பஸ்ஸே சிரிச்சுது!"

தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். அதே சிரிப்பு. ஓ.எஸ்ஸோடு அது போய்விடவில்லை. கலைவாணிக்கு அப்போதுதான் உயிரே வந்தது. உள்ளே போய் ஜாஸ்மினின் வெள்ளை ஜாக்கெட் துணியை எடுத்து மிஷினில் மாட்டினாள்.