கஸ்பார் முறுக்கிய திருகாணி

கோட்டுக்குள் இடது கை நுழைய மறுத்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு. மாப்பிள்ளை அதற்குப் பிறகு நன்றாகவே சாப்பிட்டிருந்தார். ஹென்றி, அண்ணன் கஸ்பாரின் விறைத்த கையைப் பிடித்தபடி மூச்சு வாங்கினான். விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், ராயபுரம் கோயிலில் முதல் மணி அடிப்பதற்குள் போய்விட்டார்.

"முதுகுப் பக்கம் தையலப் பிரிச்சி வுடு. யாரு திருப்பிப் பாக்கப் போறாங்க?" என்றாள் அண்ணி லூர்து. அழுது அழுது அவள் குரல் கம்மிப்போயிருந்தது.

கத்தரிக்கோலை எடுத்தவனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. திருகாணிக்குக் கம்பி கட்டவில்லை.

துறைமுகத்தில் ஒரு பாய்மரப் படகு வந்து நின்றிருந்தது. ஒரு வெள்ளைக்காரர், அவர் மனைவி, ஒரு சின்னப் பெண். அதிலேயே சமைத்து அதிலேயே தூங்கி ஊர் ஊராகப் போகிறவர்கள். நங்கூரச் சங்கிலி துருவேறி இற்றுப்போனதால், வேறு சங்கிலி தேடி மாட்டித் தரக் கஸ்பாரைப் பிடித்தார்கள். அண்ணனும் தம்பியும் பழைய கப்பல் சாமான் கடைகளில் நாய் படாத பாடு பட்டார்கள். துரைக்குத் தடிச் சங்கிலி மேல் ஆசை. கனம் கூடினால் படகு மூக்கைக் குத்தும் என்று கஸ்பார் மறுத்துவிட்டார். ஒவ்வொரு சங்கிலியிலும் நாலு கண்ணியைக் கொண்டுபோய், படகில் சங்கிலியைச் சுற்றி இழுக்கும் வின்ச்சின் பள்ளத்தில் வைத்துப் பார்த்தார். கடைசியில் ஒன்று சொன்னபடி உட்கார்ந்தபோது பீடி பற்றவைத்துக்கொண்டார். அவர் சந்தோஷம் அவ்வளவுதான்.

சங்கிலியையும் நங்கூரத்தையும் சேர்க்கும் வளையத்தில் ஒரு திருகாணி உண்டு. அலையின் ஆட்டத்தில் அது தானாகவே கழன்றுவிடும் என்பதால், முறுக்கிய பிறகு கம்பியால் கட்டிவிட வேண்டும். முறுக்கியவன் கட்டக் கூடாது என்பது அண்ணன் தம்பிக்குள் ஏற்பாடு. மற்றவன் திருகிப் பார்த்துவிட்டுத்தான் கட்டுவான். நேற்று சாயங்காலம் கஸ்பார் முறுக்கி முடித்ததும், "காலீல வந்து கட்டிக்கடா, பேஜாரா கீது, வூட்டுக்குப் போலாம்" என்றார். வேலையைப் பாதியில் விட்டு அவர் வீட்டுக்குக் கிளம்பியது அதுதான் முதல் தடவை. ஹென்றிக்கு அது உறைக்கவில்லை.

மத்தியானம் படகு கிளம்பிவிடும். துறைமுகத்துக்குள் போகப் பாஸ் உள்ளவன் இந்த வீட்டில் இனி அவன் ஒருவன்தான்.

"கூடப் பொறந்தவன் பொணத்த வுட்டுட்டு வேலைக்குப் போறானாம்! ஊரு இன்னா சொல்லும்?" என்று அத்தை சிலுவையம்மாள் பிலுபிலுவெனப் பிடித்துக்கொண்டாள்.

லூர்து தலையைத் தூக்கவில்லை. "சும்மா இரு அத்தே. அந்தப் படகுல ஒரு கொயந்த கீது. நீ போ ஹென்றி. பொட்டி வர்றதுக்குள்ள வந்துரு."

சைக்கிளை மிதித்துப் போனான். செய்தி கேட்டதும் துரை தொப்பியைக் கழற்றினார். ஹென்றி படகின் முன்முனையில் குப்புறப் படுத்து, தன் பங்குக்குத் திருகாணியைத் தொட்டுப் பார்த்தான்.

இரண்டு விரலுக்கே அது சுற்றியது.

கஸ்பார் முறுக்கினால் சுத்தியலால் தட்டித்தான் கழற்ற வேண்டும். நேற்று அந்தக் கையில் வலுவே இல்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து ஊர்க் கதை பேசிக்கொண்டிருந்தோமே, அந்த முகத்தை ஒரு தடவை பார்க்கவில்லையே. திருகாணியின் காதுத் துளையில் கூரான ஓர் இரும்புக் குச்சியைச் செருகி, உள்ளங்கைத் தோல் உரியும் வரை முறுக்கினான். கம்பியையும் அவனே கட்டினான். வேறு ஆள் இல்லை.

திரும்பி வந்தபோது சவப்பெட்டி வாசலில் இறங்கியிருந்தது. கை கழுவப் பின்பக்கம் போனவனிடம் லூர்து வந்தாள்.

"செரியா இருந்துச்சா? ராத்திரி பூரா அதையே கேட்டுகினு இருந்தாரு. 'நல்லா முறுக்கினனா லூர்து, நல்லா முறுக்கினனா'ன்னு. எனுக்கு இன்னா தெரியும்?"

"அண்ணன் முறுக்குனது அண்ணி. இம்மி அசையல."

அவள் அவன் வலது உள்ளங்கையைப் பார்த்தாள். வாளியில் செம்பை முக்கி, காயத்தில் படாமல் மெதுவாகத் தண்ணீர் ஊற்றினாள்.

"பொட்டிய எடது கையால புடிச்சிக்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.