வண்டி குடித்த தண்ணீர்

ஹாசிம் ஹாஜியார் மைக்கைக் கையில் எடுத்தாலே எனக்குக் கோபம் உச்சியில் ஏறும். அன்று காலை பாலாவிச் சந்தியில், லொறிகள் நிறுத்தும் வெட்டையில் கார்களெல்லாம் வரிசையாக நின்றன. எங்கள் மோட்டார் கழகத்தின் வருடாந்த கார் ராலி. கழகத் தலைவர் அவர்தான். எல்லாக் கார்களையும் பற்றி இரண்டு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு எங்கள் காரின் முன்னால் வந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இந்த முறை ஒரு லேடீஸ் வண்டியும் ஓடுது. பகல் லுஹர் பாங்குக்கு முன்னால கற்பிட்டிக் கோட்டைக்கு வந்து சேந்தா நல்லம். சேராட்டி, அடுத்த வருஷத்திலேருந்து லேடீஸுக்குத் தனியா ஒரு ரவுண்ட் வைப்பம். கோட்டையிலேருந்து ஜெட்டி வரைக்கும்."

வெட்டை முழுக்கச் சிரித்தது. கோட்டையிலிருந்து ஜெட்டிக்கு ஒரு கோழி நடந்தே போய்விடும். நான் வருஷக்கணக்காகக் குறிஞ்சிப்பிட்டிப் பிள்ளைகளைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றி இறக்குகிறவள். ஹாஜியாரின் இரண்டு பேரப்பிள்ளைகளும் என் வேனில்தான் போகிறார்கள். அந்தப் பிள்ளைகளின் உயிரை என் கையில் கொடுக்கலாம், ஒரு நாள் ராலியில் காரைக் கொடுக்கக்கூடாதாம். கதவைத் திறந்து இறங்கப் போனேன். பக்கத்து சீட்டில் இருந்த ஸம்ஹா என் கையைப் பிடித்து அமர்த்தினாள்.

ஸம்ஹா என் கணவரின் தங்கச்சி. பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறாள். எங்கள் ராலியில் வேகமாக ஓடுகிறவன் வெல்வதில்லை. வழி எழுதிய தாளைப் பார்த்துக்கொண்டு, சொன்ன இடத்துக்குச் சொன்ன நேரத்தில் போய், அங்கே மேசை போட்டிருப்பவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். முந்தினாலும் புள்ளி குறையும், பிந்தினாலும் குறையும். அதற்கு ஸம்ஹாவைப் போல ஒருத்தி பக்கத்தில் வேண்டும். வெளியாள் காரில் கை வைத்தாலோ, கயிறு கட்டி இழுத்தாலோ அந்தக் கார் போட்டியில் இல்லை. நடுப்பகல் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொன்னதும் கோட்டை வாசலில் மேசையை மூடிவிடுவார்கள். இவ்வளவுதான் சட்டம்.

என் கணவர் ஹில்மி, ஹாஜியாரின் பிக்கப்புக்குப் பக்கத்தில் நின்றார். அவர் பாலாவியில் உப்பு லொறி ஓடுகிறவர். எல்லாரும் சிரித்தபோது அவர் சிரிக்கவில்லை, நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாவம் என்று நினைத்தேன். ஒரு மாதமாகத் தேத்தண்ணிக் கடையில் அவரை ஒரு வழி பண்ணியிருந்தார்கள். பொண்டாட்டி கார் ஓட்டினால் நீ பின் சீட்டில் பை தூக்கிக்கொண்டு இருப்பாயா என்று கேட்டார்களாம்.  வீட்டுக்கு வந்தால் சோற்றைப் பாதியில் தள்ளிவிட்டு எழும்பிவிடுவார். ஆனாலும் அன்று எனக்கு முன்னால் எழும்பி, விடியற்கால சுபஹுக்கே காருக்கு ஒயில் பார்த்து, ரேடியேட்டருக்குத் தண்ணீர் பார்த்து, கண்ணாடி துடைத்து வைத்திருந்தார். இந்த மனிசனையா இவ்வளவு நாள் ஏசினோம் என்று எனக்கே ஒரு மாதிரியாகிவிட்டது.

என் கோபம் முழுக்க மாமியின் மேல்தான் இருந்தது. என் மாமி, ஹில்மியின் உம்மா, பெயர் சித்தி லெய்லா; அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் யாராவது சோதனைக்கோ ஆஸ்பத்திரிக்கோ தூரப் பயணத்துக்கோ போனால், பள்ளிவாசல் லெப்பையிடம் சொல்லி வெள்ளைப் பீங்கான் தட்டில் குங்குமப்பூவால் ஓதி எழுதுவித்து, அதைப் பன்னீரில் கழுவிக் குடிக்கக் கொடுப்பார். ஸம்ஹா சோதனை எழுதப் போனபோது கொடுத்தார். ஹில்மி லொறி லைசன்ஸ் எடுக்கப் போனபோது கொடுத்தார். பக்கத்து வீட்டுக் கமீலாவின் மகன் கட்டாருக்குப் போனதற்குக்கூடக் கொடுத்தார். எனக்கு மட்டும் ஒரு சொட்டு இல்லை. புறப்படும்போது தன் வீட்டிலிருந்து வந்து தலையைத் தடவி, கவனமாப் போ என்றதோடு சரி. மருமகள் ஆம்பிளைகளுக்கு நடுவில் கார் ஓட்டுவது மாமிக்குப் பிடிக்கவில்லை என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். பிடிக்காவிட்டால் போகட்டும் என்று கொடி அசைந்ததும் கிளட்சை விட்டேன்.

உப்பு வயல்களைத் தாண்டும்வரை கார் அருமையாகப் போனது. அது பழைய டீஎக்ஸ் வேகன். என் பெயரில் இருக்கும் கார். என் கூடப்பிறந்த நானா அஃப்ராஸின் கராஜில் அவரோடு சேர்ந்து நானே இஞ்சினைக் கழற்றிப் பூட்டியது. முதல் மேசையில் சரியான நேரத்துக்குக் கையெழுத்து வாங்கினோம். ஸம்ஹா தாளில் ஒரு நட்சத்திரம் போட்டாள். நுரைச்சோலையை நெருங்கும்போது இஞ்சின் ஒரு தடவை இருமியது. பிறகு அடுத்தடுத்து இருமியது. மேட்டில் ஏற மாட்டேன் என்று குலுங்கி, பாதி வழியில் நின்றேவிட்டது.

பொனெற்றைத் தூக்கினேன். பெற்றோல் பில்டருக்குள் கலங்கலாக ஏதோ நின்றது. கழற்றி ஊதி, காபரேட்டர் கிண்ணத்தையும் வடித்துப் பூட்டினேன். கார் உயிர்பெற்றது. அடுத்த மேசைக்குப் பிந்திப் போனோம். அங்கே தாளும் பேனையுமாக இருந்த பொடியன்மார், என்ன ராத்தா, வழியில சமையலா என்று கேட்டார்கள். நான் பதில் சொன்னேன். அதை இங்கே எழுத முடியாது.

தலவிலைக்கு அப்பால் பாதை வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவால் மணலில் திரும்பியது. அங்கே மறுபடி நின்றது. மறுபடி பில்டர், மறுபடி கலங்கல். முந்தின நாள் பெற்றோல் அடித்த ஷெட்காரனை அவன் பரம்பரையோடு சேர்த்து ஏசினேன். தண்ணீர் கலந்த பெற்றோலை விற்றிருக்கிறான், அவன் வியாபாரத்தில் மண் விழ என்று சத்தம் போட்டேன். தோட்டத்தில் வெங்காயத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த மனிசன் குழாயைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

அப்போதுதான் ஹாஜியாரின் பிக்கப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. பின்பக்கத்திலிருந்து ஹில்மி குதித்து இறங்கினார். கையில் கயிறு. வண்டி நின்றுவிட்டது என்று யார் சொன்னது என்று கேட்டேன். சும்மா பார்த்துக்கொண்டு வந்தோம் என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை, கயிற்றைச் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நின்றார்.

"போதும் ஸுஹைரா. நீ ஓடிக் காட்டிட்டாய்தானே. கயிறு கட்டி இழுத்திட்டுப் போவம். வெயிலுக்க நிண்டு என்னத்துக்கு?"

குரல் அன்பாகத்தான் இருந்தது. வேறு நாளென்றால் அந்தக் குரலுக்கு நான் இளகியிருப்பேன். பிக்கப்புக்குள் ஹாஜியார் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஓம் என்று நான் சொல்லக் காத்திருந்தார். கயிறு என் காரில் பட்டால் நாங்கள் போட்டியில் இல்லை. அடுத்த வருஷம் நானும் ஸம்ஹாவும் ஜெட்டி வரைக்கும் கோழி ஓட்டம் ஓட வேண்டியதுதான். எங்களுக்குப் பிறகு வரும் பெண்களுக்கும் அதுதான்.

"கயித்த வண்டியில வச்சிட்டுப் போங்க," என்றேன். "யாரும் என்ட காரில கை வைக்க வேணாம்."

அவர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கேட்க நிற்கவில்லை. பாயை விரித்துக் காருக்கு அடியில் படுத்துவிட்டேன். பிக்கப் திரும்பிப் போகும் சத்தம் கேட்டது. மணல் முதுகைச் சுட்டது. பில்டரை எத்தனை தரம் ஊதினாலும் பெற்றோல் தாங்கியில் தண்ணீர் இருக்கும்வரை இந்தக் கார் இப்படித்தான் நிற்கும். தண்ணீர் பெற்றோலைவிடப் பாரம், அடியில்தான் கிடக்கும். ஆகவே தாங்கியின் அடிப் பூட்டான திருகாணியைக் கழற்றி அதை முதலில் வெளியே விட வேண்டும். ஸ்பேனரைப் போட்டுத் திருப்பினேன். துருப்பிடித்த பூட்டு அசையவில்லை. ஹாஜியாரின் முகத்தை நினைத்துக்கொண்டு ஒரு உதை கொடுத்தேன். அசைந்தது.

ஸம்ஹா வெற்றுத் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். ஷெட்காரனின் மூக்குக்கு நேரே பிடிக்க எனக்குச் சாட்சி வேண்டும் என்று சொல்லி நான்தான் கேட்டேன். போத்தல் நிறையப் பிடித்து, சுத்தமான பெற்றோல் வந்ததும் பூட்டை இறுக்கினேன். வெளியே வந்து பார்த்தால் போத்தலில் மேலே பெற்றோல், அடியில் தண்ணீர். தண்ணீர் மஞ்சளாக இருந்தது. தாங்கியின் துரு என்று நான் நினைத்தேன்.

ஸம்ஹா போத்தலை மூடிக் குலுக்கி, அதில் கொஞ்சம் கையில் ஊற்றித் தேய்த்தாள். பெற்றோல் காய்ந்ததும் முகர்ந்து பார்த்தாள். இன்னொரு தடவையும் முகர்ந்தாள். அவள் முகம் ஒரு மாதிரியாகியது. என்ன என்று கேட்டேன்.

"பொறகு சொல்றேன் மச்சி. முதல்ல ஓடுங்க."

மூடியை இறுக்கித் தன் காலடியில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு பாதையை மட்டும் சொன்னாள். ஒரே வளைவை இரண்டு தரம் சொன்னாள். பிந்திவிட்ட பயம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

கார் இருமவில்லை. குறிஞ்சிப்பிட்டியில் என் வேனில் வரும் பிள்ளைகள் ரோட்டோரம் நின்று கை காட்டினார்கள். நான் ஹோர்ன் அடிக்கவும் நேரம் எடுக்கவில்லை. கற்பிட்டிக் கடைத்தெருவில் கருவாட்டு லொறி ஒன்று குறுக்கே நின்றது. அதன் டிரைவரிடம் நான் கதைத்த கதையில் அவன் கடைக்காரரிடம் மிச்சக் காசுகூட வாங்காமல் லொறியை எடுத்தான். கோட்டை தெரிந்தது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பாங்கு சொல்லும் முஅத்தின் மைக்கைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. வாசலில் ஒருவர் மேசை விரிப்பை மடித்துக்கொண்டிருந்தார். மேசையில் முட்டாத குறையாகப் பிரேக் போட்டேன். ஸம்ஹா தாளை நீட்டினாள். அவர் ஹாஜியாரைப் பார்த்தார், ஹாஜியார் வானத்தைப் பார்த்தார். அவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பாங்கு கேட்டது.

புள்ளிக் கணக்கில் நாங்கள் கடைசிக்கு முதல். பின்னால் வர வேண்டிய ஜீப் ஒன்று எங்கோ மணலில் புதைந்து கிடந்தது. எனக்கு அது பற்றிக் கவலை இல்லை. அடுத்த வருஷமும் பெரிய ஓட்டத்தில்தான் ஓடுவேன் என்று ஹாஜியாரிடம் போய் முகத்துக்கு நேரே சொன்னேன். அவர், சரி சரி, சொன்னால் சொன்னதுதான் என்று முணுமுணுத்துக்கொண்டு தொழப் போய்விட்டார்.

கோட்டை மதில் நிழலில் மாமி பிளாஸ்க்கோடு நின்றார். பஸ்ஸில் முன்னமே வந்து காத்திருக்கிறார். பக்கத்தில் ஹில்மி. மாமி என் முகத்துப் புழுதியைத் தன் முந்தானையால் துடைத்தார். பிறகு எல்லாருக்கும் கேட்கச் சாதாரணமாகக் கேட்டார்.

"நேத்து ஒனக்கெண்டு பீங்கான் எழுதிக் குடுத்தனுப்பினேனே, அரைப் போத்தல் தண்ணி. குடிச்சியா மகள்?"

எனக்கு அப்படி ஒன்றும் வரவில்லை. யாரிடம் கொடுத்தனுப்பினீர்கள் என்று கேட்டேன். மாமி மகனைப் பார்த்தார். ஸம்ஹா காருக்குள் குனிந்து அந்தப் போத்தலை எடுத்து வந்து மாமியின் கையில் கொடுத்தாள். மாமி அதைக் குலுக்கிவிட்டு மூடியைத் திறந்தார். பெற்றோல் நெடி எழும்பியது. கொஞ்சத்தைக் கையில் ஊற்றினார், காயவிட்டு முகர்ந்தார். குங்குமப்பூ மஞ்சள், பன்னீர் வாசம். மாமிக்கு அதைவிட வேறு சாட்சி தேவைப்படவில்லை.

"ஓதின தண்ணிதானே, வண்டிக்கும் பரக்கத் வேணுமெண்டு ஊத்தினேன்," என்றார் ஹில்மி. "நல்லதுக்குத்தான்."

வாரா வாரம் தன் லொறியின் டீசல் பில்டரில் தண்ணீர் வடிக்கிற மனிசன் சொல்கிறார். ஒரு சொட்டுத் தண்ணீர் போனாலும் இஞ்சின் என்ன பாடுபடும் என்று எனக்கே சொல்லித் தந்த மனிசன். சுபஹுக்கே எழும்பி, என் பெயருக்கு ஓதி எழுதிய தண்ணீரை என் காரின் தாங்கியில் ஊற்றிவிட்டு, கண்ணாடியையும் துடைத்து வைத்திருக்கிறார். பிறகு கயிற்றோடு வந்து அன்பாகப் பேசினார். ஹாஜியார் மைக்கில் சிரிக்க வைத்தார், அது ஊருக்கே தெரியும். இது என் வீட்டுக்குள் நடந்தது. அடிக்கக் கை எழும்பியது. மாமி நின்றதால் அடக்கிக்கொண்டேன். அதற்காக இன்றுவரை வருத்தம்தான்.

மாமி ஏசவில்லை. போத்தலை மூடி மகனின் கையில் திணித்தார். பிறகு காருக்குப் போய், ஸம்ஹா இருந்த முன் சீட்டில் ஏறி இருந்து கதவைச் சாத்திக்கொண்டார். ஸம்ஹா பின்னால் ஏறினாள். ஹில்மி பின் கதவின் பிடியில் கை வைத்தார். ஸம்ஹா உள்ளேயிருந்து பூட்டை அமர்த்தினாள்.

"நீங்க பஸ்ஸில வாங்க," என்றேன்.

முதல் திருப்பிலேயே கார் ஸ்டார்ட் ஆனது. கண்ணாடியில் பார்த்தேன். அவர் கோட்டை வாசலில் போத்தலைப் பிடித்துக்கொண்டு நின்றார். சுற்றி நின்றவர்கள் அது என்னவென்று அவரிடம் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். கடைத்தெருவைத் தாண்டினோம். மாமி பிளாஸ்க்கைத் திறந்து எனக்குத் தேத்தண்ணி ஊற்றினார்.

"அடுத்த வருஷம் நானே கொண்டு வந்து தருவேன்," என்றார். "என்ட கண்ணுக்கு முன்னால நிண்டு குடி."