முனைகளுக்குத் தைத்த உறை

காலை ஆறு மணிக்குக் கணவரின் சட்டையைக் கழற்றி, முதுகு, அக்குள், முழங்காலின் பின்பக்கம் என்று ஓரிடம் விடாமல் டார்ச் அடித்துப் பார்த்தாள் தையற்காரி. எங்கும் நீலம் பாரிக்கவில்லை. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"ஒண்ணும் இல்லைங்க. வெறும் காய்ச்சல்தான்."

பல் கிடுகிடுக்க அவர் சிரித்தார். "அப்ப டார்ச்சை அணை. மூட்டைப்பூச்சி தேடறவ மாதிரி நிக்கிற."

மாத்திரை கொடுத்துப் போர்த்திவிட்டு, கட்டிலருகே இருந்த மிஷினில் உட்கார்ந்தாள்.

ஐந்து வருடமாக அவளுக்குப் பயமெல்லாம் அந்த நீலத்தின் மேல்தான். ரத்தத்தில் பிளேட்லெட் குறைந்து, லேசாக இடித்தாலே கன்றிப்போகும் உடம்பு அவருக்கு. மேஜை, கட்டில், அலமாரி என்று வீட்டில் ஒரு முனையை அவள் விட்டுவைக்கவில்லை. வெட்டுத் துணியில் பஞ்சு அடைத்து எல்லாவற்றுக்கும் உறை தைத்து மாட்டினாள். வீட்டில் குழந்தை இருக்கிறதா என்று வந்தவர்கள் கேட்பார்கள். ஐம்பது வயசுக் குழந்தை ஒன்று இருக்கிறது என்பார் அவர்.

எந்த மருந்துக்கும் மசியாமல், போன வருடம் மண்ணீரலை எடுத்தார்கள். பிளேட்லெட் ஏறியது. ஆனால் கிருமியைத் தடுக்க இனி உடம்பில் காவல் குறைவு, காய்ச்சல் என்றால் ஒரு மணி நேரம்கூட வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். அவளும் தலையாட்டினாள். கண் மட்டும் பழையபடி நீலத்தையே தேடிக்கொண்டிருந்தது.

பதினொரு மணிக்குக் கூப்பிட்டபோது அவர் ஏதோ உளறினார். அவள் கொழுந்தனுக்குப் போன் பண்ணினாள். அவன் வந்து ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

"காய்ச்சல் எப்ப ஆரம்பிச்சது?" என்றார் டாக்டர்.

"காலையில ஆறு மணிக்கு."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஐந்து மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து ரவிக்கை தைத்திருக்கிறாள், பாவி.

மதியம் கணவரின் கைகளில் நீலம் ஏறியது. நாலு மணிக்கு எல்லாம் முடிந்தது.

மறுநாள் காலை சுடுகாட்டுக்குக் கொண்டுபோக உடலை வீட்டிலிருந்து ஸ்ட்ரெச்சரில் தூக்கினார்கள். வாசல் குறுகல். நிலையருகே நீட்டிக்கொண்டிருந்த தாழ்ப்பாளுக்கு மட்டும் அவள் உறை தைத்திருக்கவில்லை. ஓடிப்போய் அதை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

"அண்ணி, நகருங்க. கையில இடிக்கும்," என்றான் கொழுந்தன்.

"நீங்க மெதுவா வாங்க."

ஸ்ட்ரெச்சர் கம்பி அவள் புறங்கையில் இடித்து உரசியது. அவர் தோள் தாண்டிப் போகும்வரை அவள் கையை எடுக்கவில்லை.