வெள்ளையன் நகரவில்லை

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் குப்பை அள்ளும் நாகையாவுக்கு வாய் என்ற ஒன்று இருப்பது சாப்பிடும்போதுதான் தெரியும். அத்தனை சாது. அவனுடைய வண்டிமாடு வெள்ளையனோ சரியான பிடிவாதம்.

இந்த இரண்டு பேரையும் மேய்த்தவள் இராஜம்மா. புருஷன் போனதிலிருந்து தொட்டிகளில் பாட்டிலும் தகரமும் பொறுக்கி, பழைய சாமான் வாங்கும் சீனத் தவுக்கே கடையில் போட்டுத்தான் கஞ்சி குடிக்கிறாள். நாகையா தொட்டியைத் தூக்குமுன் அவள் கிளறி முடித்திருப்பாள். உடைந்த கண்ணாடியை அவன் கையைக் கிழிக்காதபடி கோணியில் தனியாகக் கட்டிக் கொடுப்பாள். கடைசியில் அகப்பட்ட பூசணித்தோலை வெள்ளையனுக்கு ஊட்டி, "போடா ராசா" என்று முதுகில் தட்டினால்தான் வண்டி அடுத்த தொட்டிக்கு நகரும். தெருவே சிரிக்கும்.

குப்பை வண்டிகளை மேற்பார்க்கப் புதிதாக வந்த மண்டோர் சபாபதிக்குச் சிரிப்பு வரவில்லை.

"தொட்டியில விழுந்தா அது கவர்மெண்டு சாமான். நாளையிலேருந்து இந்தப் பொம்பள கை வெச்சா போலீஸ்தான்" என்றான்.

இராஜம்மா நாகையாவைப் பார்த்தாள். அவன் மாட்டின் கயிற்றைத் தடவிக்கொண்டு நின்றான். சாதுவாக இருக்கலாம், அதற்காக இப்படியா?

மறுநாள் காலை அவள் வெறும் கோணியோடு சாக்கடை ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். முதல் தொட்டியிலேயே கண்ணாடி நாகையாவின் உள்ளங்கையைக் கிழித்தது. துண்டைச் சுற்றிக்கொண்டு மாட்டை அதட்டினான். வெள்ளையன் அசையவில்லை. இராஜம்மா இருந்த பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டு நின்றது. பின்னால் வந்த குப்பை வண்டிகள் எல்லாம் சந்தில் மாட்டிக்கொண்டன.

சபாபதி ஓடிவந்து மாட்டின்மேல் பிரம்பை ஓங்கினான். நாகையா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அடிக்காதீங்க மண்டோரே. நேத்தே நான் நின்னிருக்கணும். எனக்குப் பதிலா மாடு நிக்குது."

சொல்லிவிட்டு, கயிற்றைக் கீழே போட்டான். பின்வண்டி வேலாயுதமும் இறங்கினான். அவனைப் பார்த்து மற்றவர்களும் இறங்கினார்கள்.

வெயில் ஏற ஏற நாற்றமும் ஏறியது. துரைமார் வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. உள்ளேயிருந்து ஆள்மேல் ஆள் வந்து சபாபதியை ஏசிவிட்டுப் போனார்கள். கடைசியில் அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு இராஜம்மாவைக் கூப்பிட்டான்.

"வந்து பொறுக்கிக்க லா. இனிமே யாரும் கேக்கமாட்டாங்க."

அவள் வந்தாள். தொட்டிப் பக்கம் போகவில்லை. நாகையாவின் கைத்துண்டை அவிழ்த்து, காயத்தைப் பார்த்து, தன் முந்தானையைக் கிழித்து இறுக்கிக் கட்டினாள்.

"உனக்கு வாய் இருக்காடா? இத்தன வருஷமா தெரியாமப் போச்சே!"

"வலிக்குதுக்கா" என்றான் நாகையா.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. தொட்டியைக் கிளறி, பூசணித்தோலை எடுத்து வெள்ளையனுக்கு ஊட்டினாள். பிறகு, "போடா ராசா" என்று நாகையாவின் முதுகில் தட்டினாள்.