இரண்டாம் முறை ஓலை

பாஸ்டர் தம்பிதுரைக்குக் கல்யாணம் செய்துவைக்கிற உரிமமே கிடையாது என்பது, சவூதிக்குப் போக இருந்த ஒரு நர்ஸம்மாவால் வெளியே வந்தது. அவளுடைய திருமணச் சான்றிதழைச் சரிபார்த்த அதிகாரிகள், இந்தப் பெயரில் உரிமம் பெற்ற போதகர் யாரும் இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவள் நேரே துடியலூருக்கு வந்து பாஸ்டரைக் கேட்டாள். "கர்த்தரோட ஊழியத்துக்கு கவர்மெண்டு சீல் எதுக்கும்மா?" என்று சிரித்தவர், நெல்லூரில் கன்வென்ஷன் என்று சொல்லிக் குடும்பத்தோடு ரயிலேறினார். திரும்பி வரவே இல்லை.

அடுத்த ஞாயிறு, அவர் சபை நடத்திவந்த தகரக் கொட்டகையில் பாட்டு இல்லை, கைத்தட்டல் இல்லை. பக்கத்திலிருந்த பழைய சபையின் போதகர் ஞானாபரணத்தைக் கூட்டிவந்து நடுவில் உட்கார வைத்திருந்தார்கள். அவர் சுற்றி வளைக்கவில்லை.

"தம்பிதுரை நடத்துன கல்யாணம் எதுவும் சட்டப்படி கல்யாணம் இல்லீங்க. மறுபடி செய்யோணும். எங்க சபையில நானே செஞ்சு வெக்கறேன். ஆனா முறைப்படி மூணு ஞாயித்துக்கிழமை ஓலை படிக்கோணும்."

இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று ஆராதனையில் வாசிப்பதுதான் ஓலை. முதலில் ஆட்டோ ஓட்டுகிற ஆறுச்சாமி எழுந்தார். அவர் இடுப்பில் ஒரு பிள்ளை, தோளில் ஒன்று.

"ஏனுங்க, அப்ப எங்கல்யாணத்துக்கு எம்பசங்களே பந்தி பரிமாறலாமுங்களா?"

"மொதல்ல பொண்ணு சம்மதிக்கட்டும்" என்றாள் அவர் மனைவி பின்னாலிருந்து. "இந்தத் தடவை நல்லா விசாரிச்சுப்போட்டுத்தான் சரீன்னு சொல்லுவேன்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குமுன் வள்ளியாத்தாள் பேசினாள். முதல் புருஷன் செத்துப் பல வருஷம் தனியாக இருந்தவள் அவள். பாஸ்டர்தான் தேடிப்பிடித்து ஒரு மில் தொழிலாளிக்குக் கட்டிவைத்தார். அந்த மனுஷனும் போன தைக்கு முன்னால் மாரடைப்பில் போய்விட்டார்.

"எனக்கு யாரோடங்க ஓலை படிப்பீங்க?"

ஞானாபரணம் தலைகுனிந்தார். "உங்களுக்கு என்ன வழின்னு எனக்கு இப்பத் தெரியலீங்கம்மா. தெரியாம எதையும் சொல்ல மாட்டேன்" என்றார். அதன்பிறகு கேள்விகள் குவிந்தன. தம்பிதுரை கொடுத்த ஞானஸ்நானம் செல்லுமா? அவர் ஜெபித்துப் பெயர் வைத்த பிள்ளைகளுக்கு மறுபடி பெயர் வைக்க வேண்டுமா? அவர் கையை வைத்து ஜெபித்ததால் மாத்திரையை நிறுத்தியவர்கள் என்ன செய்வது? கடைசிக் கேள்விக்கு மட்டும் போதகர் குரலை உயர்த்தி, "நாளைக்கே டாக்டர்கிட்டப் போங்க" என்றார்.

ரவிக்குமார் எதையும் கேட்கவில்லை. பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த தன் மனைவி மேபலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்புசெட் பட்டறையில் லேத் ஓட்டுகிறவன் அவன். தாய் தகப்பன் இல்லை. மாலையில் இயந்திர வரைபட வகுப்புக்குப் போனான். ஒரு கோட்டைப் போட்டுவிட்டு அது சரிதானா என்று மறுபடி மறுபடி அளந்து பார்ப்பதில், மற்றவர்கள் முடித்துக் கிளம்பும்போது இவன் பாதியில் இருப்பான். மேபல் வெள்ளகோவில்காரி. கல்யாணத்துக்கு முன் ஆசிரியர் பயிற்சியில் முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். அந்த ஊர் ஜெபக் கூட்டத்தில்தான் பாஸ்டர் தம்பிதுரை அவள் அப்பா மாசாணத்திடம், "ஆத்தங்கரையில உங்க மக நிக்கறா. துடியலூர்ப் பையன் ரவிக்குமார் கையில சாவிக்கொத்து. கர்த்தர் எனக்குக் காட்டினார்" என்றார். மாசாணம் மறுபேச்சுப் பேசவில்லை. பயிற்சி பாதியில் நின்றது; பாஸ்டரே கல்யாணத்தையும் நடத்திவைத்தார்.

இப்படி ஒரு பெண் தனக்கு வாய்த்ததை ரவிக்குமாரால் வேறு எந்த வகையிலும் நம்ப முடிந்ததில்லை. அவள் புத்தகக் கடை வாசலில் நிற்கும்போதும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போதும் இவனுக்கு உள்ளே ஒரு பயம் எழும். உடனே அந்தத் தரிசனத்தை நினைத்துக்கொள்வான். கர்த்தர் காட்டியது, மாறாது. இரண்டு வருஷம் அதைப் பிடித்துக்கொண்டுதான் குடும்பம் நடத்தினான்.

அன்றைக்குக் கொட்டகைக்கு வெளியே பெண்கள் கூடி நின்று பேசியது அவன் காதிலும் விழுந்தது. "எங்க ஊட்டுக்கும் ஆத்தங்கரைதானுங்க." "எங்களுக்கும் அதே சாவிக்கொத்துதான்." நான்கு வீட்டுக்கு ஒரே தரிசனத்தைச் சொல்லியிருந்தார் மனிதர். ஆறுச்சாமியின் மனைவி தலையிலடித்துக்கொண்டு, "சாவியாவது மாத்திச் சொல்லியிருக்கக் கூடாதா" என்றாள்.

மேபல் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, சேலையைக்கூட மாற்றாமல் பாயில் உட்கார்ந்தாள்.

"நான் கொஞ்ச நாள் அப்பா ஊட்டுக்குப் போயிட்டு வாரேனுங்க."

"எத்தனை நாளைக்கு, அம்மணி?"

"தெரியலீங்க. நீங்க ஓலைக்குப் பேரு குடுங்க. படிக்கட்டும். அதுக்குள்ள நான் யோசிச்சுக்கறேன்."

"எம்மேல ஏதாவது கோவமா?"

"உங்க மேல இல்லீங்க." அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அன்னைக்கு எங்கிட்ட யாருமே கேக்கலை. கர்த்தர்கிட்டக் கேட்டாச்சு, அப்புறம் உங்கிட்ட என்னன்னு வுட்டுட்டாங்க. இப்பப் பார்த்தா கர்த்தர்கிட்டயும் யாரும் கேக்கலை."

அவள் சொன்னதில் அவன் எதிர்க்கக்கூடியது எதுவுமே இருக்கவில்லை. காங்கேயம் வழியாகப் போகிற பஸ்ஸில் அவளை ஏற்றிவிட்டு வந்தான்.

முதல் ஞாயிறு பழைய சபையில் ஓலை படித்தபோது எல்லா ஜோடிகளும் வந்திருந்தன. தங்கள் பெயர் வாசிக்கப்பட்டதும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு வெட்கப்பட்டார்கள். ரவிக்குமார் மட்டும் தனியாக நின்றான். இரண்டாம் ஞாயிறும் அப்படித்தான். ஊரிலிருந்து தகவல் எதுவும் வரவில்லை. வரைபட வகுப்பில் ஒரு போல்ட்டையும் நட்டையும் வரையச் சொன்னார்கள். வரைந்து முடித்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாத அளவு. அழித்துவிட்டுத் தாளைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

மூன்றாம் ஞாயிறு, முதல் பாட்டு முடிகிற நேரத்தில் மேபல் உள்ளே வந்தாள். கூடவே மாசாணம், வெள்ளை வேட்டியில், முகத்தை இறுக்கிக்கொண்டு.

போதகர் ஞானாபரணம் வாசித்தார். ரவிக்குமார், மேபல் என்ற பெயர்கள் வந்ததும் பின்வரிசையிலிருந்து மாசாணம் எழுந்தார்.

"எனக்குத் தடை இருக்குங்க."

சபை மொத்தமும் திரும்பியது.

"சொல்லுங்க" என்றார் போதகர்.

"எம்புள்ள படிச்சுக்கிட்டு இருந்தா. ஒரு ஏமாத்துக்காரன் கர்த்தர் சொன்னாருன்னான். நம்பிக் குடுத்துப்போட்டேன். அவம் பேச்சை நம்பி ஒருக்கா குடுத்தது போதாதுன்னு, மறுக்காவும் அதே எடத்துல எப்படீங்க குடுப்பேன்?" ரவிக்குமார் பக்கம் கையைக் காட்டினார். "இந்தப் பையனைக் குத்தம் சொல்லலை. நான்தான் கேக்காம வுட்டுட்டேன்."

ஞானாபரணம் கண்ணாடியைக் கழற்றினார். "ஐயா, இது உங்க வேதனைங்க. தடை இல்லை. வேதனைக்கு நானும் சபையும் பதில் சொல்லித்தான் ஆகோணும். ஆனா இந்தக் கல்யாணத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்களும் இல்லை, நானும் இல்லை."

எல்லோரும் மேபலைப் பார்த்தார்கள். அவள் எழுந்தாள்.

"இங்க வேண்டாமுங்க. வெளியில பேசிக்கறோம்" என்றாள். பிறகு ரவிக்குமாரைப் பார்த்து, "வாங்க" என்றாள்.

வாசலில் சைக்கிள்கள் நிறுத்துகிற வேப்பமர நிழலில் நின்றார்கள். உள்ளே அடுத்த பாட்டு தொடங்கியது.

"கேளுங்க" என்றாள் அவள்.

"என்ன கேக்கோணும்?"

"அன்னைக்கு யாரும் கேக்காததை."

ஒரு பையன் வந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு போகும்வரை ரவிக்குமார் காத்திருந்தான். "எனக்கு தரிசனமெல்லாம் ஒண்ணும் வரலை, அம்மணி. சம்பளம் உனக்கே தெரியும். டிராயிங்கும் சரியா வர மாட்டீங்குது. உன்னை மாதிரி ஆளுக்கு நான் போதுமான்னு எனக்குத் தெரியலை. என்னைக் கட்டிக்கறியா?"

"இப்படியா பொண்ணு கேப்பாங்க?" என்றாள் மேபல். ஆனால் முகம் தளர்ந்திருந்தது. "ஜூன்ல நான் மறுபடி ட்ரெய்னிங் சேரோணும். ஹாஸ்டல்ல இருப்பேன். வாரக் கடைசியிலதான் வருவேன்."

"சரி."

"சனிக்கிழமைச் சமையல் உங்களுது."

"சரி."

"எல்லாத்துக்கும் சரீன்னா எப்படீங்க? ஒண்ணுக்காவது தகராறு பண்ணுங்க."

"ஹாஸ்டலுக்கு நானும் பஸ் ஏறி வருவேன். வரக் கூடாதுன்னு சொல்லக் கூடாது."

அவள் சிரித்துவிட்டாள். "சம்மதமுங்க" என்றாள்.

"நெசமாவா? எதுக்கு?"

"அதைத்தான் மூணு வாரமா யோசிச்சேன். கர்த்தர் சொன்னாருன்னு வந்தப்போ தெனமும் உங்ககிட்ட ஒரு காரணம் தேடிக்கிட்டே இருந்தேன். அங்க போனப்புறம் தேடவே இல்லை. நீங்க சாப்பிட்டீங்களான்னுதான் நெனப்பு வந்துச்சு."

"இன்னொருக்கா சொல்லு அம்மணி."

"வர்ற சனிக்கிழமை கல்யாணத்துல எல்லார்த்துக்கும் முன்னால சொல்லத்தான் போறேன். அப்பக் கேட்டுக்கங்க."

மாசாணம் வாசற்படியில் வந்து நின்றார். மகள் முகத்தைப் பார்த்தார். கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏனுங், பக்கத்துல டீக்கடை இருக்குதுங்களா? காலையில இருந்து ஒரு வாய் உள்ள எறங்கலை" என்றார். மூன்று பேரும் டீயும் பன்னும் சாப்பிட்டார்கள். வள்ளியாத்தாளோடு பதிவு அலுவலகத்துக்குப் போய் அவள் கல்யாணத்தை நேரில் பார்த்ததாகச் சொல்ல ஆறுச்சாமி ஆள் சேர்த்துக்கொண்டிருப்பதாக ரவிக்குமார் சொன்னான். தானும் போவதாக மேபல் சொன்னாள். பலிக்குமா என்று யாருக்கும் தெரியாது.

கல்யாணம்வரை அப்பா வீட்டில் இருக்கப் போகிற மேபலையும் மாசாணத்தையும் பஸ் ஏற்றிவிட்டு ரவிக்குமார் நடந்தே திரும்பினான். கவலைப்பட ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று வழக்கம்போல வரிசையாக யோசித்தான். ஹாஸ்டல் கட்டணம் இருந்தது. ஒழுகுகிற ஓடு இருந்தது. சனிக்கிழமை குழம்புக்குப் புளி எவ்வளவு கரைப்பது என்பது இருந்தது. எல்லாமே கல்யாணமானவனுடைய கவலைகளாக இருந்தன. அவன் நடையை எட்டிப் போட்டான்.